கொழுப்பு போகும் வழி

மனித குலத்திலேயே தன் கொழுப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்பத் தெரிந்தவன் திருமேனி ஒருவன்தான். பளுதூக்கும் போட்டிக்கு எடை பார்க்கும் அறை வாசலில், அவன் தோழன் சவரிராயன் புளியை வாயில் ஒதுக்கி, ஊறிய எச்சிலை டப்பாவில் துப்பித் துப்பி எடையைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

"அசிங்கம் புடிச்சவனே, கொழுப்பு எச்சில்ல போகாதுடா. எரிஞ்சு காத்தாகி மூச்சுலதான் போகும். தின்ன சோத்தைச் சதையாக்குறதும் சதையைக் காத்தாக்குறதும் என் கன்ட்ரோல்ல இருக்கு" என்றான் திருமேனி.

"சரிங்க விஞ்ஞானி" என்று இன்னொரு தடவை துப்பிவிட்டு உள்ளே போன சவரி, எடையில் தேறிக் குதித்துக்கொண்டு வந்தான்.

திருமேனி எடை மேடையில் ஏறியதும் முள் அவன் எடைப்பிரிவின் கோட்டைத் தாண்டி நின்றது. நூறு கிராம் அதிகம்.

"கால் மணி நேரம் தர்றேன் தம்பி. குறையலேன்னா கிளம்பு" என்றார் நடுவர்.

கல்லூரியில் இது அவனுக்குக் கடைசி வருடம், கடைசிப் போட்டி. ஜட்டியோடு வெளியே ஓடிவந்து, படிக்கட்டில் நின்று பலம் கொண்ட மட்டும் மூச்சு விட்டான். தலை சுற்றும்வரை விட்டான். ஓடிப்போய் ஏறினான். முள் அசையவில்லை.

சவரிராயன் கையிலிருந்த புளி உருண்டையில் பாதியைப் பிய்த்து நீட்டினான். திருமேனி அதை வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, டப்பாவுக்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.