ஏழு மணிக்கு வரும் அத்தியாயம்

“அவ மட்டும் அவனை விட்டுட்டுப் போகட்டும், நான் சும்மா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

ஃபோனில் அவர் போட்ட சத்தத்தில், டீ கொண்டுவந்த மனைவி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “யாரு யாரை விட்டுட்டுப் போறா?” என்று கேட்டாள்.

“சொன்னா உனக்குப் புரியவா போகுது? நான் டேப்லெட்ல படிக்கிற தொடர்கதை. விண்கப்பல், கேப்டன், அவன் பொண்டாட்டி. இன்னிக்கு ஏழு மணிக்குக் கடைசி அத்தியாயம்.”

அலுவலகத்தில் அவருக்கு ‘கேட்ஜெட் சார்’ என்று பெயர். கடைக்கு வரும் எந்தப் புதுச் சாமானும் மறுவாரம் அவர் மேஜைக்கு வந்துவிடும். படிக்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று மூன்று டேப்லெட்டுகள். அவர் கழித்துப்போட்ட, கண்ணாடி விரிசல் விட்ட ஃபோன் மனைவிக்கு.

“மின்மினி, விளக்கைப் போடும்மா” என்றார் அவர். மேஜை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“பார்த்தியா? சின்ன வயசுல விஞ்ஞான நாவல்ல படிச்சப்ப வாயைப் பொளந்தேன். இப்ப என் மேஜை மேலயே இருக்கு.”

விளக்குக்கு ‘மின்மினி’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். மனைவியைக் கூப்பிட ‘இந்தா’ போதும்.

“இந்தா, டீயை அந்தக் கேபிள் மேல வைக்காதே.”

தள்ளி வைத்தாள். போகவில்லை. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மறுபடியும் நெட் வரலையா? அதான் பாஸ்வேர்டு குடுத்துட்டேனே.”

போன வாரம் புது ரவுட்டர் மாட்டியவர், பல்பு முதற்கொண்டு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அதில் இணைத்தார். மனைவியின் ஃபோனை மட்டும் மறந்துபோனார். அவள் கேட்டபோதெல்லாம் ‘இதோ’ என்றார். அந்த ‘இதோ’ முடிய வாரம் முழுக்க ஆயிற்று.

“நெட்டு இல்லைங்க. வேற விஷயம்.”

“ஏழு மணி ஆகட்டும். இப்ப என் மனசெல்லாம் கப்பல்லதான் இருக்கு.”

“சரி, ஏழு மணிக்கே சொல்றேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் மறுபடி ஃபோனை எடுத்தார். எதிர்முனையில் பல் டாக்டர், அதே தொடரின் இன்னொரு வாசகர்.

“டாக்டர், விஞ்ஞானக் கதைன்னு வந்ததுல நான் படிக்காதது இல்ல. பாதிப் பேரு ராக்கெட்டை டவுன் பஸ் மாதிரி ஓட்டுவான். இந்தத் ‘துகள்’ங்கிற ஆளு அப்படியில்ல. தண்ணியை எப்படி மிச்சம் பிடிக்கணும், எந்தத் திருகு எப்ப லூஸாகும், எல்லாம் தெரியுது. அந்தக் கப்பல்லயே குடித்தனம் பண்ணின மாதிரி எழுதறான். எவனோ பெரிய இஞ்சினியரு, புனைபேர்ல எழுதறான்.”

“போன வாரம் ஏன் அத்தியாயமே வரல?”

“பாவம், உடம்புக்கு முடியலையோ என்னவோ. எனக்குத் தூக்கமே பிடிக்கல, டாக்டர்.”

“எனக்கென்னவோ அந்தப் பொண்ணு கிளம்பிடுவான்னுதான் தோணுது. கேப்டன் நாள் பூரா மீட்டரையே பார்த்துட்டு உக்காந்திருக்கான். அவ ஒருத்தி இருக்கறதே அவனுக்கு ஞாபகமில்ல.”

“அதுக்காக? உள்ள காத்து இருக்கு, சாப்பாடு இருக்கு. வெளியில என்ன இருக்கு? வெறும் இருட்டு! அவன் என்ன குறை வெச்சான் அவளுக்கு? இதையே ஆசிரியருக்கும் எழுதிப் போட்டேன்.”

“பதில் வந்துதா?”

“வந்துதே! ‘அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாள் ஆச்சுன்னு கவனிச்சீங்களா?’ன்னு கேட்டிருந்தாரு.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “கப்பல்ல இருக்கறதே ரெண்டு பேரு. இதுல பேரு எதுக்கு, டாக்டர்?”

டாக்டர் சிரிக்கவில்லை. ஏதோ நோயாளி வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அது தொந்தரவாக இருக்கவே, வெளிச்சத்தம் காதில் விழாத ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏழு மணிக்கு மேஜையில் இருந்த அத்தனை திரைகளும் ஒன்றாக மின்னின. கையிலிருந்த வாட்ச் அதிர்ந்தது. அவசர அவசரமாகப் பெரிய டேப்லெட்டைத் திறந்தார்.

‘கேப்டன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கதவைத் திறந்தாள். முற்றும்.’

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவ்வளவுதான், அதற்குக் கீழே வெறும் வெள்ளை. இத்தனை மாதம் காத்துக்கிடந்தவனை இப்படியா நடுத்தெருவில் நிறுத்துவது? ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் வீசினார்.

“அயோக்கியன்! கதவைத் திறந்தா, சரி. எங்க போறா? போறதுக்கு ஒரு இடம் இருக்கா, இல்லையா? எழுதறவனுக்கு அதுகூடவா தெரியாது?” என்று வீடே அதிரக் கத்தினார்.

முதுகுப்புறம் குளிர்ந்த காற்று பட்டுத் திரும்பினார். தெருக்கதவு திறந்திருந்தது. மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

அருகில் வந்து, கண்ணாடி விரிசல் விட்ட அந்த ஃபோனை அவர் மேஜையில், கேபிள் மேல் படாமல் தள்ளி வைத்தாள்.

“எழுதின எனக்கே இன்னும் தெரியலைங்க.”