திரும்பி நின்ற டிஷ்

“சிக்னல் கிடைக்கவில்லை.”

காலையிலிருந்து டிவி இதையேதான் காட்டிக்கொண்டிருந்தது. பாலக்கரை இம்தியாஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

போன மாதம்தான் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. கடைக்குப் போகக் கூடாது. கடை ஆட்களிடம் போனில் கத்துகிறார் என்று மனைவி பெரிய போனைப் பிடுங்கிக்கொண்டு, பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தாள். இன்று அவளும் தென்னூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது டிவி ஒன்றுதான். அதுவும் படுத்துவிட்டது.

பெட்டியை அணைத்துப் போட்டார். கார்டை உருவித் துடைத்துச் செருகினார். பின்பக்கம் கேபிளை இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

“மேகமூட்டமா இருந்தா அப்படி வரும் சார்.”

“ஏம்மா, வெளியே வெயில் மண்டையைப் பொளக்குது. திருச்சியில ஏதும்மா மேகம்?”

“டிஷ் லேசா திரும்பியிருந்தாலும் வராது சார். ஒரு தடவை மாடியில பாத்துடுங்க.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறினார். மேல் போர்ஷனில் குடியிருக்கும் செல்லக்கண்ணுவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது.

அவருக்கு மட்டும் வருதாக்கும்?

மொட்டை மாடியில் இரண்டு டிஷ். செல்லக்கண்ணுவின் டிஷ் தெற்கே பார்த்து ஒழுங்காக நின்றது. இம்தியாஸின் டிஷ் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தார். காலடியில் ஸ்பானர்.

“பாய், நீங்க ஏன் படியேறி வந்தீங்க?” பதறி எழுந்தார்.

“நீங்க வேலைக்குப் போகலையா?”

செல்லக்கண்ணு பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். காய்ச்சலோடு கூட வேலைக்குப் போகிற ஆள்.

“லீவு சொல்லிட்டேன் பாய்.”

“எதுக்கு? என் டிஷ்ஷைத் திருப்பவா?”

“காத்துல திரும்பியிருக்கும்.”

“காத்தா? கொடியில துணி அசையல. ஸ்பானரும் காத்துல பறந்து வந்துச்சா?”

செல்லக்கண்ணு ஸ்பானரைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். கண்கள் சிவந்திருந்தன. தப்பு பண்ணினவன் கண் அப்படித்தான் இருக்கும் என்று இம்தியாஸ் நினைத்துக்கொண்டார்.

“போன வாரம் தண்ணி மோட்டார் விஷயத்துல சத்தம் போட்டேனே, அதுக்குப் பழி வாங்கறீங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல பாய். சாயந்தரம் வரைக்கும் பொறுத்துக்குங்க. நானே சரி பண்ணித் தரேன்.”

“இப்பவே திருப்புங்க.”

“வேணாம் பாய்.”

“வேணாமா? என் வீடு, என் டிஷ். நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சுட்டு மூலையில கெடக்குற மனுஷன் நாலு செய்தி பாத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

செல்லக்கண்ணு டிஷ்ஷை மறித்துக்கொண்டு நின்றார். அது இம்தியாஸை இன்னும் சூடேற்றியது.

“உங்க மகன் பூவரசனை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், தன் கம்பெனியிலயே சேர்த்து விட்டது யாரு? என் மகன் ஜாவித். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே கேம்ப்ல தங்கி வேலை பாக்கறாங்க. அந்த நன்றிகூட உங்களுக்கு இல்லையே.”

பூவரசன் பெயரைக் கேட்டதும் செல்லக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் திமிர் என்றே இம்தியாஸ் எடுத்துக்கொண்டார்.

“இந்த மாசம் முடியட்டும். வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

“சரி பாய், பண்ணிடறேன். நீங்க முதல்ல உக்காருங்க. இப்படிச் சத்தம் போட்டா உடம்புக்கு ஆகாது.”

“என் உடம்பைப் பத்தி நீங்க பேசாதீங்க.”

சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர்.

“அத்தா, நான் ஜாவித். எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். டிவி பாத்துட்டுப் பயந்துட்டீங்களா?”

“டிவியா? ஏன்டா, என்னாச்சு?”

“விடியக்காலையில எங்க கேம்ப்ல தீப்பிடிச்சிருச்சுத்தா. எல்லா சேனல்லயும் அதைத்தானே காட்டறாங்க. என் போன் எரிஞ்சு போச்சு. இப்பதான் ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்ட வாங்கிப் பேசறேன்.”

இம்தியாஸ் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்தார். திரும்பி நின்ற டிஷ்ஷைப் பார்த்தார். செல்லக்கண்ணுவைப் பார்த்தார்.

செல்லக்கண்ணு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஜாவித்தா பாய்? நல்லா இருக்கானா?”

இம்தியாஸால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.

“அது போதும் பாய். இனிமே டிஷ்ஷைத் திருப்பி வச்சிடலாம்.” ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

இம்தியாஸ் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தார். இவரையா வீட்டைக் காலி பண்ணச் சொன்னோம்?

“ஜாவித், பூவரசன்கிட்ட போனைக் குடுடா. அவங்கப்பா இங்கதான் நிக்கிறார். ரெண்டு வார்த்தை பேசட்டும்.”



“அத்தா... அவனைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். செல்லக்கண்ணு மாமாவுக்குக் காலையிலேயே கம்பெனியிலேருந்து போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே.”