டப்பாவுக்குள் வந்த அக்கா

உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரு கிளாத்தி மீன் தனியாக இருந்தது. கூட விட்ட மீன்களையெல்லாம் கடித்துத் தீர்த்ததால் வந்த தனிமை அது. செவுளுக்குள் ஓயாத அரிப்பு. சுத்தம் பண்ணிவிட யாரும் இல்லை.

ஒரு நாள் வீட்டுக்காரர், மீன்களின் செவுளைச் சுத்தம் செய்யும் ஓர் இறாலைத் துளைபோட்ட டப்பாவில் வைத்து உள்ளே இறக்கினார். முதலில் பழகட்டும் என்று.

கிளாத்தி டப்பாவை ஒட்டியே கிடந்தது. "அக்கா, வெளியே வந்ததும் என் செவுளைச் சுத்தம் பண்ணிவிடுவீங்களா?"

"அதுதானே தம்பி என் வேலை. கடிக்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்க்கா."

இறாலுக்கு மனசு இளகிவிட்டது. அதை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

டப்பா திறந்த அன்று இறாலுக்குத் தோலுரிக்கும் நேரம். உரித்ததும் உடம்பு பூப்போல மெத்தென்று இருக்கும் என்பதால் பாறை இடுக்கில் ஒளிந்து பழைய ஓட்டைக் கழற்றியது. அந்த ஓடு மீசையோடு, காலோடு, வெளியே மிதந்து போனது.

கிளாத்தி பாய்ந்து கவ்வியது. கவ்விய பிறகுதான், அக்காவையே கடித்துவிட்டோமே என்று உறைத்தது.

"ஐயோ அக்கா! உங்க மீசை ஒரு தடவை என் செவுள்ல பட்டிருந்தாப் போதுமே! இனி யார் எனக்கு இருக்கா?"

இறாலால் தாங்க முடியவில்லை. 'நான் இங்கேதான் இருக்கேன் தம்பி' என்று சொல்ல ஒரு காலை வெளியே நீட்டியது.

கிளாத்தி விம்மிக்கொண்டே, வாயிலிருந்த ஓட்டை மென்று, மிச்சத்துக்காகத் தரையைத் துழாவியது.

இறால் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.