குடைக்கம்பெனி ராஜா

"அப்பாவையும் கூட்டிட்டுப் போறோம். மூணு டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள் மனைவி.

கணக்காளருக்குக் காப்பி பாதி இறங்கியிருந்தது. "என்ன நாடகம்?"

"'குடைக்கம்பெனி ராஜா'. முழுக்க ஜாஸ் மெட்டுல கேலிப் பாட்டாம். நம்ம கல்யாணத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவை மேடையேறினதாம். பழைய டேப் ஒண்ணு கிடைச்சு, கல்லூரிப் பசங்க மறுபடி போடறாங்க. எழுதினவர் பேரு 'கொசு'வாம். யாருன்னே தெரியலையாம்!"

புரையேறியது. அந்தக் கொசு அவர்தான்.

குடைக்கம்பெனியில் கணக்கெழுதிய காலத்தில், முதலாளி மேலிருந்த கடுப்பையெல்லாம் கொட்டி எழுதியது. ஒரு நாடகக் குழுவிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் பதுங்கியிருந்து பார்த்தார். அடுத்த மாதமே அந்த முதலாளி அவரைக் கூப்பிட்டுத் தன் மகளையே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அரங்கில் மாமனாருக்கும் மனைவிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்.

மேடையில் தொப்பையும் முறுக்கு மீசையுமாக ஒரு முதலாளி வந்தார். மழை பெய்யாததற்காகத் தொழிலாளிகளை வரிசையில் நிற்க வைத்து, ஓரத்தில் ஒரு பையன் ஊதிய சாக்ஸபோனுக்குத் திட்டித் திட்டி ஆடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏங்க, அப்படியே அப்பா மாதிரி இல்ல?" மனைவி கிசுகிசுத்தாள்.

"சேச்சே! மாமா எங்கே, இவன் எங்கே!"

ஓரக்கண்ணால் பார்த்தார். மாமனார் சிரிக்கவேயில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, விரல்களால் முழங்காலை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். போச்சு, தொலைந்தோம்.

நாடகம் முடிந்து, மனைவி டாக்ஸி பிடிக்கப் போனதும் மாமனார் அவர் கையைப் பிடித்தார்.

"மாப்ள, கொசு நீங்கதானே?"

"மாமா... அது வந்து... சின்ன வயசு..."

"அட, பதறாதீங்க. நாடகத்தை எழுதியிருந்தது தினமும் கணக்குப் புத்தகத்துல நான் பார்த்த கையெழுத்துதானே, எனக்குத் தெரியாதா? என்னை இப்படிச் சிரிக்க வச்சவன் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னுதான் பொண்ணைக் கொடுத்தேன்."

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது கணக்காளருக்கு. "அப்ப உங்களுக்குக் கோபமே வரலையா, மாமா?"

"வந்துச்சு, இன்னைக்கு! சாக்ஸபோனைக் கொலை பண்ணிட்டான் அந்தப் பையன். அன்னைக்குத் திரைக்குப் பின்னால, யாருக்கும் மூஞ்சி தெரியாம உட்கார்ந்து நான் எப்படி ஊதினேன் தெரியுமா!"