கீறல் விழுந்த வரி

ஞாயிறு மதியம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். எங்கள் தெருமுனை பப்பின் கண்ணாடியில் தூறல் வழிகிறது. உள்ளே, மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் பீர் நுரை மெல்ல அடங்குகிறது. பப்பை நடத்தும் லொரெய்ன், மூலையில் நிற்கும் பாட்டுப்பெட்டிக்குள் புது இசைத்தட்டு ஒன்றை வைக்கிறாள். நாற்பது வருடமாக நாங்கள் கேட்கும் அதே பாட்டுதான். பழைய தட்டில் ஒரு கீறல். 1982-ல் அவள் புருஷன் ட்ரெவர், ஆடுகிறேன் பேர்வழி என்று பெட்டியை இடுப்பால் இடித்தபோது விழுந்தது. அன்றிலிருந்து ஊசி ஒரு வரியைத் தாண்டிக் குதிக்கும். ட்ரெவர் இறந்து மூன்று மாதமாகிறது. “அந்தக் கீறல் சத்தம் தாங்கல. பழசத் தூக்கி எறிஞ்சிட்டேன்” என்கிறாள். பாட்டின் தொடக்கத்தில் சின்தசைசர் இசை தண்ணீருக்கடியில் மணி அடிப்பதுபோல் எழுகிறது. எங்கள் மேசையில் இருக்கும் டோரின் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி அசைகிறாள். எல்லோரும் பாடுகிறோம். அந்த இடம் வருகிறது. இல்லாத கீறலை மொத்த பப்பும் பழக்கத்தில் தாண்டிக் குதித்துவிடுகிறது. பின்தங்கிய பாட்டு, எங்களுக்கு மறந்தேபோன அந்த வரியைத் தன்னந்தனியாகப் பாடுகிறது. “அடச்சே, இந்த வரிக்கா இத்தன வருசம்?” என்கிறான் பக்கத்து மேசை கிளைவ். “ட்ரெவர் இடிச்சதே நல்லதுப்பா!” லொரெய்ன் சிரிக்கிறாள், மேசை துடைக்கும் துணியால் கண்ணைத் துடைக்கிறாள். “பழசையே போடு கண்ணு” என்கிறாள் டோரின். “எறிஞ்சிட்டேன்னு சொன்னேனில்ல?” என்றபடியே லொரெய்ன் கல்லாவுக்குப் பின்னால் போய், ஆணியில் இன்னும் தொங்கும் ட்ரெவரின் கோட்டுக்குள் கைவிட்டு அந்தத் தட்டை எடுக்கிறாள்.