உள்பக்கம் திரும்பிய விசிறி

"ஜன்னலைச் சாத்திட்டு, ஃபேனை வேற வீட்டுக்குள்ள திருப்பி வச்சிருக்கீங்க. புகை வெளிய போகவே கூடாதுன்னு வேண்டுதலா?"

கேட்டவர் தீயணைப்பு அதிகாரி. மாடி வீட்டில் தினமும் புகை என்று கொடுக்கப்பட்ட புகார் அவர் கையில் இருந்தது. எதற்கும் ஒன்று சேராத குடியிருப்புக்காரர்கள் அதில் மட்டும் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் குடியிருந்த பஸ் டிரைவர் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. இரும்பு வாணலியில் காபிக் கொட்டை மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்கு வந்திருந்தது. மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"கொட்டையில இருந்து உரியுற தோல் காஞ்ச சருகு மாதிரி. ஒரு பொறி போதும், தெரியுமா?"

"தெரியும் சார். அதைத் தகர டப்பாவுல போட்டு, ஆறின பிறகுதான் குப்பைக்கு அனுப்புவேன். மூடி கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. தீப்பிடிச்சா மூடியைப் போட்டு அடுப்பை அணைச்சிடுவேன். வறுத்து முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன்."

அதிகாரிக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. அதனாலேயே எரிச்சல் வந்தது. அலமாரியைத் திறந்தார். வறுத்த கொட்டை நிரம்பிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"யாரும் குடிக்கறதில்லையா?"

"எனக்கு அல்சர் சார். காபி ஆகாது."

"வியாபாரமா?"

"இல்ல."

"வேலைக்கும் போறதில்லையாம். கீழ் வீட்டு அம்மா சொன்னாங்க. குடிக்காத காபியை வறுக்கறதுக்கு ஏழு மாசம் லீவா?"

உள் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. டிரைவரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். புகை முழுவதும் அங்கேதான் போனது.

"இதுல எப்படிம்மா உக்காந்திருக்கீங்க?"

"கண்ணுதான் எரியுது" என்றாள் அவள் சலிப்பாக. "வேண்டாம்னு சொல்லிப் பார்த்துட்டேன்."

அதிகாரி ஒரு படிவத்தை மேடையில் விரித்தார். "இனிமே வீட்ல வறுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. மீறினா குடியிருப்புச் சங்கம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்."

டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. "இன்னும் ஒரு மாசம் குடுங்க சார். அப்புறம் நானே வாணலியைத் தூக்கிப் போட்டுடறேன்."

"ஒரு மாசத்துல என்ன ஆகப்போகுது?"

டிரைவர் உள் அறையைப் பார்த்தார்.

"கீழ நாலு குடும்பம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கு. ஒரு நாள்கூடத் தர முடியாது. போடுங்க."

கரண்டியை வைத்துவிட்டு டிரைவர் பேனாவை வாங்கினார். எங்கெங்கே கையெழுத்து என்று அதிகாரி குனிந்து காட்டினார். மூன்று இடம். டிரைவர் போடாமல் மறுபடி கெஞ்சினார். அதிகாரி மறுபடி சட்டம் பேசினார்.

"என்னங்க, ஏதோ கருகுது."

மனைவியின் குரல். இவ்வளவு நேரமும் புகையிலேயே நின்று மூக்கு மரத்துப்போயிருந்த இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாணலி ஓரத்தில் தோல் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. அதிகாரி பாய்ந்து மூடியைப் போட்டு அடுப்பை அணைத்தார்.

"கண்ணை எடுக்க மாட்டேன்னீங்களே. இந்த லட்சணத்துல ஒரு மாசம் வேணுமா?"

டிரைவர் காதில் அது விழவில்லை. அடுக்களை வாசலில் வந்து நின்ற மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்தாள், நம்பாதவள் போல இன்னொரு முறை இழுத்தாள்.

மளமளவென்று மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார் டிரைவர். "இனிமே வறுக்க மாட்டேன் சார். நாளைக்கு டூட்டிக்குப் போறேன்."

"இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிட்டு இப்ப என்ன திடீர்னு?"

"வெளிய தெரிஞ்சா இங்க குடியிருக்க விட மாட்டாங்கன்னு சொல்லல சார். ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல்ல இவளுக்கு வாசனையே தெரியாம போயிடுச்சு. கேஸ் திறந்து கிடந்தது தெரியாம தீக்குச்சியை உரசப் போனா; எட்டு மாசம் தினமும் ஒரே வாசனையைக் காட்டுங்க, திரும்பி வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்னாரு. அன்னைலேருந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தது கீழ் வீடு இல்ல சார், நான்."