திறபடாத மாப்பிள்ளை

"தம்பி, மாப்பிள்ளை இண்டைக்காவது திறபடுவாரோ?"

பத்மாசினி கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கனடா மாப்பிள்ளையின் சாதகம் மின்னஞ்சலில் வரத் தொடங்கி மூன்று நாளாகிறது. சாவகச்சேரி பஸ் நிலையத்துக்கு எதிரே சிவரூபன் நடத்தும் கொமினிகேசன் கடையில் அது திறக்கிற பாடாய் இல்லை.

முதல் நாள் '.dat' என்று முடியும் ஏதோ ஒரு கோப்பு வந்தது. "பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கோ" என்று மாப்பிள்ளையின் அக்காவுக்குச் சிவரூபன்தான் பதில் எழுதினான். அந்த மகராசி மறுநாள் ஆப்பிள் கணினியில் மட்டும் திறக்கும் 'பேஜஸ்' கோப்பை அனுப்பி வைத்தாள்.

அதைத் திறப்பது சிவரூபனுக்குப் பெரிய வித்தையில்லை. நேற்றுக் காலையே வேர்டுக்கு மாற்றிப் பார்த்துவிட்டான். பத்மாசினியிடம் மட்டும் "திறபடுதில்லை, அன்ரி" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்லி அனுப்பினான். வாய்க்குத்தான் அவர் அன்ரி. மனதுக்குள் இரண்டு வருடமாக மாமி.

அவருடைய மகள் தாரிகா ரீச்சர் சனிக்கிழமைகளில் சோதனைத் தாள்கள் போட்டோக்கொப்பி அடிக்க வருவாள். அடித்து முடிந்த பிறகும் கால்மணி நேரம் நின்று கதைப்பாள். அவளைப் பெண் கேட்டுப் போகச் சிவரூபனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவனுக்கு எட்டில் செவ்வாய். அந்த ஒரு கிரகத்தால் ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போனது ஊருக்கே தெரியும். நாலாவதாகத் தாரிகா வீட்டிலும் போய் மூக்குடைபட அவனுக்குத் துணிவு வரவில்லை.

"பின்னேரம் அஞ்சு மணிக்குச் சாத்திரியார் வரச் சொன்னவர், தம்பி. இண்டைக்கும் திறபடாட்டில் யாழ்ப்பாணத்திலை ஆரிட்டையாவது காட்டப்போறன். பொருந்தினால்தான் பிள்ளைக்கே சொல்லுறது."

இனி இழுத்தடிக்க முடியாது. "தாரிகா ரீச்சரின்ரை சாதகத்தையும் தாங்கோவன், அன்ரி. ரெண்டையும் ஒண்டாய் ரைப் பண்ணித் தாறன்" என்று பேச்சை வளர்த்துப் பார்த்தான்.

"அது வேண்டாம்" என்றார் பத்மாசினி அவசரமாக. "அது வீட்டிலை பத்திரமாய்க் கிடக்கு. நீர் இதைப் பாரும்."

சிவரூபன் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினான். மாப்பிள்ளையின் சாதகத்தில் ஒரு பழுது இல்லை. செவ்வாய்கூடப் பதினோராம் வீட்டில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஊருக்கெல்லாம் சாதகம் ரைப் பண்ணிக் கொடுத்த கை அது. எந்த வீட்டில் செவ்வாய் நின்றால் பெண் வீட்டார் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்று அந்தக் கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோராம் கட்டத்திலிருந்த செவ்வாயை மவுஸால் பிடித்து இழுத்து ஏழாம் கட்டத்தில் விட்டான். அமெரிக்காக்காரன் செவ்வாய்க்குப் போய்ச்சேர ஏழு மாதம் எடுக்கிறான். சிவரூபன் செவ்வாயையே இரண்டு செக்கனில் வீடு மாற்றிவிட்டு, இனிப் பிரமனும் கை வைக்காதபடி பி.டி.எஃப். ஆக்கினான்.

"திறந்திட்டுது, அன்ரி!"

பிரிண்டரிலிருந்து வந்த தாளைப் பத்மாசினி சூடாகவே வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லக்கினத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினார். ஏழாவதில் விரல் நின்றுவிட்டது. கண்கள் கலங்கின.

சிவரூபனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. பாவம், தாய் மனம். இருந்தாலும் பால்குடி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏன் அன்ரி, ஏதும் பிழையோ?"

"ஏழிலை செவ்வாய், தம்பி!"

"ஐயோ! அப்ப சரிவராதோ?"

"ஏன் சரிவராது? எங்கடை தாரிகாவுக்கும் செவ்வாய்க் குற்றம்தான். வெளியிலை தெரிஞ்சால் ஒருத்தரும் படியேறமாட்டினமெண்டு நாங்கள் மூச்சே விடுறேல்லை. செவ்வாய்க்குச் செவ்வாய்தானே பொருத்தம்! பிள்ளையாரப்பா, ஏழு வருசம் மாப்பிள்ளை தேடி அலைஞ்ச பிறகு கண் திறந்திட்டாய்!"

"அன்ரி, அந்தத் தாளை ஒருக்காத் தாங்கோ" என்று சிவரூபன் கையை நீட்டினான்.

அதைக் காதில் வாங்காமலே தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை போன பத்மாசினி, திரும்பி அவனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"இவருக்குச் செவ்வாய் இல்லாட்டில், நாளைக்கு உம்மடை சாதகத்தைத்தான் கேட்டு வர இருந்தனாங்கள், தம்பி!"